ஓதிப் பார்க்கக் கொண்டு வந்த குழந்தை

(டெல்டா மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில், மஹல்லா மக்களும் மகளிரும் திரளாகக் கலந்துகொண்ட தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் ஏறினால் நான் எதைப் பற்றிப் பேசுவேன் என்பது உங்களுக்கு மனப்பாடம். இட ஒதுக்கீடு, வக்ஃபு நிலம், வாக்காளர் பட்டியல்! இன்று அவற்றில் எதையும் நான் தொடப் போவதில்லை. இன்று மாத்திரை டப்பாவைப் பற்றிப் பேசப் போகிறேன். சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் உங்கள் கை முதலில் தேடப் போவது அந்த டப்பாவைத்தான்.

அதற்கு முன் என் மீதுள்ள குற்றம் ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தாய் இரண்டரை வயதுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கூடவே குழந்தையின் நன்னி. “ஹஜ்ரத், பிள்ளை மதியம் வரை ஓடியாடி விளையாடிச்சு. திடீர்னு சுருண்டு படுத்துடுச்சு. கண்ணைத் தொறக்கவே மாட்டேங்குது. நேத்து கல்யாண வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருந்தோம். கண்ணு பட்டிருக்கும். ஓதிப் பாருங்க” என்றார்கள்.

நானும் ஓதினேன். குழந்தையின் கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறந்தது, என்னைப் பார்த்தது, மறுபடி மூடிக்கொண்டது. காய்ச்சல் இல்லை. வாந்தி இல்லை. “அலைச்சல்தான், தூங்கவிடுங்கள், எழுந்தால் சரியாகிவிடும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சகோதரர்களே! அந்த வார்த்தையைச் சொன்ன நாக்கு இதுதான்!

அந்தத் தெருவில் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸம்மா இருக்கிறார். மஃக்ரிபுக்குச் சற்று முன் வேலை முடிந்து வந்தவர், விஷயம் கேள்விப்பட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். குழந்தையின் நெஞ்சில் கை வைத்தார். அந்த வயதுப் பிள்ளைக்கு நிமிடத்துக்கு 100க்கு மேல் துடிக்க வேண்டிய இதயம் 60க்கும் கீழே துடித்துக்கொண்டிருந்தது. இமையை விலக்கிப் பார்த்தார். கண்ணின் கருமணி குண்டூசி முனை போலச் சுருங்கியிருந்தது. மூச்சு வருகிறது, நின்று விடுகிறது, தட்டினால் மறுபடி வருகிறது. அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “இந்த வீட்டுல யாரு பிரஷர் மாத்திரை சாப்பிடுறா?”

குழந்தையின் நன்னா சிறுநீரக நோயாளி. டயாலிசிஸுக்குப் போய் வருபவர். பிரஷர் அடங்காததால் அவருக்கு குளோனிடின் என்ற மாத்திரை எழுதியிருந்தார்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரு காகிதப் பொட்டலத்தில் போட்டுத் தலையணைக்கடியில் வைத்திருந்தார் அந்தப் பெரியவர். பொட்டலம் பிரிந்து கிடந்தது. மாத்திரை குறைந்திருந்தது. எத்தனை என்று அவருக்கே தெரியவில்லை.

வாகனம் பிடித்து மருத்துவமனைக்கு ஓடினார்கள். வழியில் இரண்டு முறை மூச்சு நின்று, அந்த நர்ஸம்மா வாயோடு வாய் வைத்து ஊதியிருக்கிறார். அன்று இரவு முழுவதும் குழந்தைக்குச் செயற்கை சுவாசம். மறுநாள் மாலை கண் விழித்துத் தண்ணீர் கேட்டது. இறைவன் காப்பாற்றினான், அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் நான் “தூங்கவிடுங்கள்” என்று சொன்ன அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு யார் பொறுப்பு? நர்ஸம்மாவுக்கு அன்று இரவுப் பணியாக இருந்திருந்தால்? இந்தக் கேள்வி என்னை உறங்கவிடாததால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். அதன் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

பெரியவருக்கு மருந்து, பிள்ளைக்கு நஞ்சு

பிரஷர் மாத்திரை என்ன செய்கிறது? இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது, அல்லது இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது, அல்லது உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. அறுபது, எழுபது கிலோ எடையுள்ள, அழுத்தம் ஏறிக் கிடக்கும் பெரியவரின் உடம்புக்காக அளந்து செய்யப்பட்டது அது. பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள, அழுத்தம் சரியாகவே இருக்கும் பச்சைப் பிள்ளையின் உடம்பில் அதே மாத்திரை போனால், இறக்கக் கூடாத அழுத்தத்தை இறக்குகிறது. “ஒரு மாத்திரைதானே” என்கிறோம். மருத்துவர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? சில மருந்துகளில் சிறு குழந்தையின் உயிரைப் பறிக்க ஒன்றிரண்டு மாத்திரைகளே போதும் என்கிறார்கள். அந்தப் பட்டியலில் பிரஷர் மாத்திரைகள் முன் வரிசையில் இருக்கின்றன.

குளோனிடின் என்ற இந்த மருந்தின் வரலாற்றைக் கேளுங்கள். 1960களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் இதை மூக்கடைப்புக்கான மருந்தாகத்தான் உருவாக்கினார்கள். சளி பிடித்திருந்த அலுவலகப் பெண் ஒருவருக்கு மூக்கில் சொட்டுகளாக விட்டுப் பார்த்தபோது, அவர் மணிக்கணக்கில் அடித்துப் போட்டது போல் தூங்கிவிட்டார். நாடியும் இரத்த அழுத்தமும் இறங்கிவிட்டன. அப்போதுதான் இது பிரஷர் மருந்து என்று கண்டுகொண்டார்கள். வளர்ந்த ஒரு பெண்ணையே சில சொட்டுகள் வீழ்த்தின என்றால், இரண்டரை வயதுக் குழந்தை எம்மாத்திரம்? இதே இனத்தைச் சேர்ந்த மருந்துகள் சில மூக்கடைப்புச் சொட்டுகளிலும், கண் சிவப்புக்கான சொட்டுகளிலும் இன்றும் இருக்கின்றன. குழந்தை அவற்றைக் குடித்தாலும் இதே கதிதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

தாய்மார்களே! இதைக் கவனமாகக் கேளுங்கள். குழந்தை வந்து “உம்மா, நான் மாத்திரை சாப்பிட்டேன்” என்று சொல்லாது. அதன் உடம்புதான் சொல்லும். மாத்திரையின் வகையைப் பொறுத்து அது சொல்லும் விதம் மாறும்.

முதல் வகை, இப்போது சொன்ன குளோனிடின். பெரும்பாலும் விழுங்கிய ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அளவுக்கு மீறிய தூக்கம், சுருங்கிய கருமணி, மெதுவான நாடி, விட்டு விட்டு வரும் மூச்சு. தட்டினால் விழிக்கும், விட்டால் விழும். “விழித்துப் பார்க்கிறதே, பயமில்லை” என்று நான் ஏமாந்தது இங்கேதான்.

இரண்டாவது வகை அம்லோடிபின், நிஃபெடிபின், வெராப்பமில், டில்டியாசெம் போன்றவை. நம் வீடுகளில் மிகுதியாக இருப்பது அம்லோடிபின்தான். டெல்மிசார்டனோடு அதைச் சேர்த்து ஒரே மாத்திரையாகவும் தருகிறார்கள். இந்த வகையில் ஒரு பெரிய வஞ்சகம் இருக்கிறது. இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும்வரை குழந்தை பேசிக்கொண்டிருக்கும், விளையாடக்கூடச் செய்யும்! பிறகு திடீரென்று துவளும். முகம் வெளிறும், கை கால் சில்லிடும், வியர்க்கும், வாந்தி எடுக்கும், நிற்க வைத்தால் தள்ளாடும். அம்லோடிபின் மெதுவாக ஏறி நெடுநேரம் தங்கும் மருந்து. அதன் முழு வேகம் தெரிய ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம்.

மூன்றாவது வகை அட்டெனோலால், மெட்டோபுரோலால், புரோப்ரனோலால். நாடி மெதுவாகும், அழுத்தம் இறங்கும். இவை குழந்தையின் இரத்தத்தில் சர்க்கரையையும் இறக்கிவிடக்கூடும். அதனால் வியர்வை, நடுக்கம், மயக்கம், வலிப்புக்கூட வரலாம். இழுப்பு உள்ள பிள்ளைக்கு மூச்சிரைப்பு கூடும்.

நான்காவது, நீர் மாத்திரைகளும், எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்றவையும். இவற்றால் வரும் பாதிப்பு பெரும்பாலும் குறைவு. ஆனால் ஒன்று சொல்கிறேன். எது பெரிய ஆபத்து, எது சிறிய ஆபத்து என்று வீட்டில் உட்கார்ந்து தரம் பிரிப்பது நம் வேலை அல்ல. அது மருத்துவரின் வேலை.

மாத்திரை அட்டையில் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.எல்., இ.ஆர்., ரிடார்ட் என்று ஏதாவது போட்டிருந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை. அவை உடம்பில் மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவை. காலையில் விழுங்கிய குழந்தை மாலைவரை நன்றாக இருந்து இரவில் சரியலாம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். பிரஷர் இருக்கும் வீட்டில் பெரும்பாலும் சர்க்கரையும் இருக்கிறது. இரண்டு மாத்திரையும் ஒரே டப்பாவில் கிடக்கின்றன. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று போனாலும் குழந்தையின் சர்க்கரை பல மணி நேரம் கழித்துக்கூட அதலபாதாளத்துக்கு இறங்கும்.

ஆகவே, நேற்றுவரை நன்றாக இருந்த குழந்தை காரணம் தெரியாமல் துவண்டால், தூங்கி விழுந்தால், வெளிறினால், தள்ளாடினால், வலிப்பு வந்தால், “கண்ணு பட்டதா” என்று கேட்பதற்கு முன் “மாத்திரை எங்கே?” என்று கேளுங்கள்!

உடனே செய்ய வேண்டியது

குழந்தையின் வாயில் மிச்சம் இருந்தால் விரலால் துடைத்து எடுங்கள். அதற்கு மேல் தொண்டையில் விரலை விடாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர் எதுவும் கூடாது. உப்புக் கரைசலே பிள்ளையின் உயிருக்கு உலை வைக்கும். மயங்கும் குழந்தை வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும்.

அட்டை, பொட்டலம், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொள்ளுங்கள். எத்தனை இருந்தது, எத்தனை மீதி என்று எண்ணுங்கள். சரியாகத் தெரியாவிட்டால், காணாமல் போனவை அத்தனையும் உள்ளே போயிருக்கிறது என்றே கணக்கு வையுங்கள். நான்கு பிள்ளைகள் சேர்ந்து விளையாடிய இடம் என்றால் நான்கு பேரையும் தூக்கிக்கொண்டு போங்கள்.

108க்குப் போன் செய்யுங்கள். மயங்கிய குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சர்க்கரை மாத்திரை என்று சந்தேகம் இருந்து, பிள்ளை நன்றாக விழித்து விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். அரைத்தூக்கத்தில் இருக்கும் குழந்தையின் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

எந்த மருத்துவமனை? தெருமுனை கிளினிக்கில் வரிசையில் நின்று நேரத்தைப் போக்காதீர்கள். இரவு பகல் அவசரப் பிரிவும் குழந்தைப் பிரிவும் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும், “இன்ன வயது, இன்ன மாத்திரை, இத்தனை இருக்கலாம், இத்தனை மணிக்கு” என்று நான்கே வார்த்தையில் சொல்லுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 1995 முதல் தேசிய நஞ்சுத் தகவல் மையம் இயங்குகிறது. 1800 116 117 என்பது அதன் கட்டணமில்லாத எண். அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் போனுக்காகப் பயணத்தை நிறுத்தாதீர்கள்.

“பிள்ளை நல்லாத்தானே இருக்கு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்” என்று மருத்துவரோடு சண்டை போடாதீர்கள். மெல்லக் கரையும் மாத்திரைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். வேறொரு விஷயத்துக்கும் பதறாதீர்கள். அம்லோடிபின் வகை நஞ்சுக்கு இன்சுலினை அதிக அளவில் ஏற்றி, கூடவே குளுக்கோஸும் ஏற்றுவது ஒரு சிகிச்சை முறை. சோர்ந்த இதயத்துக்கு அது வலுவூட்டுகிறது. “சர்க்கரை இல்லாத பிள்ளைக்கு இன்சுலின் போட்டுட்டாங்க” என்று கூச்சல் போட்டு அந்தச் சிகிச்சையைத் தடுத்துவிடாதீர்கள்!

உண்மையை மறைப்பவர்கள் நாம்தான்

இப்போது கசப்பான செய்திக்கு வருகிறேன். அன்று அந்த வீட்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் நேரத்திலும் ஒரு வாக்குவாதம் நடந்தது. “மாத்திரை விஷயத்தை ஆஸ்பத்திரியில் சொல்லாதே, போலீஸ் கேஸாகிவிடும்” என்றார் ஒருவர். “மருமகள் பிள்ளையைப் பார்க்காமல் என்ன செய்துகொண்டிருந்தாள்” என்றார் இன்னொருவர். தன் மேல் பழி வருமே என்று அந்த நன்னி முதலில் வாயே திறக்கவில்லை.

சகோதரர்களே! நஞ்சு என்றால் மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் தருவது நடைமுறை. அதற்காக யாரையும் தூக்கில் போடப் போவதில்லை. விபத்து என்றால் விபத்து என்று எழுதிக்கொள்வார்கள். அந்தச் சடங்குகளுக்காகச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது. முதலில் உயிர், பிறகுதான் காகிதம் என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் அந்தக் கடமை உண்டு. இது நம் உரிமை. உரிமை, உரிமை என்று மேடைதோறும் முழங்கும் நாம் இந்த உரிமையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

பழி சொல்வதற்கு ஆயுள் முழுக்க நேரம் இருக்கிறது. குழந்தைக்குத்தான் நேரம் இல்லை. மாமியார், மருமகள் யாராக இருந்தாலும், “என் மாத்திரைதான், என் தலையணைக்கடியில்தான் இருந்தது” என்று துணிந்து சொல்பவர்தான் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றுகிறார்.

சிலர், “எல்லாம் விதிப்படி நடக்கும் ஹஜ்ரத்” என்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிப் போடுவதும் நம் பொறுப்புதான் என்பது மதரஸாவின் சின்னப் பையனுக்கும் தெரியும். நாம் கட்டாமல் விட்டுவிட்டு விதியின் தலையில் போடுவது என்ன நியாயம்?

மாத்திரை எங்கே இருக்கிறது?

2021 ஆகஸ்டில் தமிழக அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கி, பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுவந்து தரச் செய்தது. நல்ல திட்டம், மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த மாத்திரை வீட்டில் எங்கே போய் உட்கார்கிறது? டி.வி. மேல், ஃபிரிட்ஜ் மேல், தலையணைக்கடியில், வெற்றிலைப் பெட்டியில், நன்னியின் கைப்பையில்! ஞாயிறு, திங்கள் என்று கட்டம் போட்ட பிளாஸ்டிக் டப்பாவைப் பிள்ளைகள் நொடியில் திறந்துவிடுவார்கள்.

பூட்டுள்ள ஓர் அலமாரி, அல்லது எட்டாத உயரத்தில் பூட்டுப் போட்ட ஒரு பெட்டி, அதுதான் மாத்திரையின் இடம். கடைக்காரர் அட்டையை வெட்டித் தரும்போது பெயர் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு வெட்டுகிறார். பெயரும் காலாவதித் தேதியும் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள், இல்லையேல் உறையில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாத்திரை கீழே விழுந்தால் கிடைக்கும்வரை தேடுங்கள். மருந்து கொடுக்கும்போது “மிட்டாய்” என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். இன்று நீங்கள் மிட்டாய் என்றதை நாளை அது தானே தேடிப் போகும். பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் உறவினர்கள் வரும்போது அவர்களின் பைகளை முதலில் மேலே தூக்கி வையுங்கள். விருந்தாளி வந்த வீட்டில்தான் யார் பிள்ளையைப் பார்க்கிறார்கள் என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

அமெரிக்காவில் 1970இலேயே சட்டம் போட்டு, குழந்தைகளால் எளிதில் திறக்க முடியாத மூடிகளை மருந்துப் புட்டிகளுக்குக் கட்டாயமாக்கினார்கள். அதன் பிறகு மருந்தை விழுங்கிச் சாகும் குழந்தைகளின் எண்ணிக்கை அங்கே வெகுவாகக் குறைந்தது. நாமும் அப்படிப்பட்ட பாதுகாப்பைக் கோரிக் குரல் கொடுக்க வேண்டும், கொடுப்போம். ஆனால் சட்டம் வரும்வரை நம் வீட்டுப் பூட்டு நம் கையில்தானே இருக்கிறது?

இளைஞர்களே! மாநாட்டுக்கு இரவோடு இரவாகக் கொடி கட்டும் உங்கள் கைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். வரும் விடுமுறை நாளில் ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போங்கள். முதியவரும் குழந்தையும் ஒன்றாக வாழும் வீடுகளைக் கணக்கெடுங்கள். இந்த ஜமாஅத், அந்த ஜமாஅத் என்று பார்க்காதீர்கள். பக்கத்துத் தெரு இந்துச் சகோதரர் வீட்டையும், கிறிஸ்தவச் சகோதரர் வீட்டையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் எட்டாத உயரத்தில் ஒரு பெட்டியை அடித்துக் கொடுங்கள். மூடியின் உட்புறத்தில் 108 என்றும், 1800 116 117 என்றும் எழுதுங்கள். மகளிர் அணிச் சகோதரிகள் உள்ளே போய், வீட்டுப் பெண்களிடம் நான் சொன்ன அடையாளங்களைச் சொல்லிக் கொடுங்கள்.

பள்ளிவாசல் இமாம்களுக்கும் என் போன்ற உலமாக்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மிடம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நம்பி வருகிறார்கள். நான் ஓதுவதை நிறுத்திவிடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஓதுவதற்கு முன் நாடியைத் தொட்டுப் பார்க்கிறேன். “வீட்டுல யாரு மாத்திரை சாப்பிடுறா? போய் எண்ணிப் பார்த்தீங்களா?” என்று கேட்கிறேன். சந்தேகம் இருந்தால், “ஆட்டோவில் ஏறுங்கள், நான் வழியில் ஓதிக்கொண்டே வருகிறேன்” என்று கூடவே போகிறேன்.

அந்தக் குழந்தை இன்று நம் மதரஸாவில் ஓதுகிறது. ஒவ்வொரு நாள் மாலையும் முதல் வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. அதற்கு எதுவும் நினைவில் இல்லை. எனக்கு நினைவில் இருக்கிறது.

இப்போது மணி ஒன்பதாகிறது. வீட்டுக்குப் போங்கள். விளக்கை அணைத்துப் படுப்பதற்கு முன் தலையணையைத் தூக்கிப் பாருங்கள். வஸ்ஸலாம்.